மில்லுக்கு மோட்டார் விற்கப் போகிறவருக்கு

கோயம்புத்தூரில் மோட்டார் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று, பக்கத்திலுள்ள நூற்பாலைக்குச் சரக்கு விற்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேச்சு வழக்கமாக எப்படித் தொடங்கும்? கம்பெனி எப்போது ஆரம்பித்தது, எத்தனை மெஷின் இருக்கிறது, யார் யாருக்குச் சப்ளை போகிறது என்று ஸ்லைடு மேல் ஸ்லைடாக ஓடும். எதிரே இருப்பவர் மரியாதைக்குக் கேட்டுவிட்டு, “கொட்டேஷன் அனுப்புங்க, பார்க்கிறோம்” என்பார். அதற்குப் பிறகு போன் வராது.

மில்லில் தனியாக யாரும் முடிவெடுப்பதில்லை. எலக்ட்ரிக்கல் பொறுப்பாளருக்கு நைட் ஷிப்டில் மோட்டார் எரியக்கூடாது. பர்ச்சேஸ் பார்ப்பவருக்கு ஒப்பிட மூன்று கொட்டேஷன் வேண்டும். அக்கவுண்ட்ஸ்காரர் பேமென்ட் எத்தனை நாளில் என்று பார்ப்பார். முதலாளிக்கு, போட்ட பணம் எப்போது திரும்பும் என்பதே கேள்வி. நீங்கள் நேரில் பார்க்கப்போவது இவர்களில் ஒருவரையோ இருவரையோதான். கடைசிப் பேச்சு நீங்கள் இல்லாதபோது நடக்கும். அங்கே உங்களுக்காகப் பேச வேண்டியவர் அந்த எலக்ட்ரிக்கல் பொறுப்பாளர். அவர் முதலாளியிடம் மறக்காமல், தடுமாறாமல் சொல்லக்கூடிய இரண்டு வாக்கியங்களை அவர் கையில் கொடுப்பதே உங்கள் வேலை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மற்றதெல்லாம் அந்த இரண்டு வாக்கியங்களுக்கான தயாரிப்பு.

அந்த வாக்கியங்கள் கேள்விகளிலிருந்துதான் கிடைக்கும். பிரிட்டனைச் சேர்ந்த நீல் ராக்கம் என்ற ஆய்வாளரின் குழு 12 ஆண்டுகளில் சுமார் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்தது; அதை அவர் 1988-இல் நூலாக வெளியிட்டார். சின்னப் பொருளை விற்க உதவும் அவசரப்படுத்தும் உத்திகள் பெரிய வியாபாரத்தில் காரியத்தைக் கெடுக்கின்றன என்பதும், நன்றாக விற்பவர்கள் வாடிக்கையாளரின் சிக்கலையும் அதனால் வரும் நஷ்டத்தையும் பற்றி அதிகம் கேட்கிறார்கள் என்பதும் அதன் முக்கியமான முடிவுகள். நம் மில்லில் இப்படிக் கேட்கலாம்: ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டின் ஃபேன் மோட்டார் எத்தனை வருஷப் பழசு? எத்தனை முறை ரீவைண்டிங் ஆகியிருக்கிறது? போன தடவை எரிந்தபோது டிபார்ட்மென்ட் எவ்வளவு நேரம் திண்டாடியது? யூனிட்டுக்கு என்ன ரேட் கட்டுகிறீர்கள்?

பதில் கையில் வந்ததும் அவர் கண் முன்னாலேயே கணக்குப் போடுங்கள். 15 கிலோவாட், அதாவது 20 ஹெச்பி, நான்கு போல் மோட்டார். பழைய ஐஇ1 வகையின் திறன் 88.7 சதவீதம், ஐஇ3 வகைக்கு 92.1. மூன்று ஷிப்டும் ஓடும் மில்லில் ஆண்டுக்கு 8,000 மணி நேரம், முழுச் சுமை என்று எடுத்துக்கொண்டால் மிச்சமாவது ஏறத்தாழ 5,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 40,000 ரூபாய். புது மோட்டார் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு ஆண்டில் போட்ட காசு வந்துவிடுகிறது. இதே மோட்டார் ஓராண்டில் தின்னும் கரண்ட் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். பர்ச்சேஸில் மற்ற கம்பெனியை விட நீங்கள் ஐந்தாயிரம் கூடுதல் என்று சொல்லும்போது, அந்தப் பத்து லட்சத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணக்கின் ஓட்டைகளையும் நீங்களே சொல்லிவிட வேண்டும். இந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். மோட்டார் பாதிச் சுமையில் ஓடினால் மிச்சமும் அந்த அளவுக்குக் குறையும். இன்னொன்று, பலரும் வாயே திறக்காத விஷயம்: திறன் கூடிய மோட்டார் பொதுவாகக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். ஃபேனின் வேகம் சிறிது ஏறினாலும் அது இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். பெல்ட்டில் ஓடும் ஃபேனுக்குப் புல்லி அளவை மாற்றாவிட்டால், கிடைத்த மிச்சத்தை அந்த வேகமே விழுங்கிவிடக்கூடும். “புல்லியையும் நாங்களே மாற்றித் தருகிறோம்” என்று முதல் சந்திப்பிலேயே சொல்பவரை அந்தப் பொறுப்பாளர் நம்புவார். கரண்ட் பில் குறையவில்லை என்று ஆறு மாதம் கழித்து முதலாளி முன் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

பேமென்ட் பேச்சுக்குக் கூச்சம் வேண்டாம். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. கொட்டேஷனிலேயே உத்யம் எண்ணையும் நாள் கணக்கையும் எழுதிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. ஜிஎஸ்டியைத் தனி வரியில் காட்டுங்கள்.

எல்லா மோட்டாரையும் மாற்றுங்கள் என்று முதல் நாளே கேட்பதும் பலன் தராது. ஒரே ஒரு மோட்டாரைக் கேளுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம், மில்லின் சொந்த எனர்ஜி மீட்டரிலேயே யூனிட்டைக் குறிக்கலாம். உங்கள் மீட்டரை விட அவர்கள் மீட்டர் சொல்வதுதான் முதலாளியிடம் எடுபடும். சந்திப்பு முடிந்து எழுவதற்குள் எந்த ஃபேன், எந்தத் தேதி, ரீடிங் எடுப்பது யார் என்ற மூன்றையும் பேசி முடித்துவிடுங்கள். அன்று மாலையே கணக்கு, புல்லி விவரம், தேதி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முதல் இரண்டு வரி, அவர் அப்படியே முதலாளிக்கு ஃபார்வேர்ட் செய்யக்கூடியதாக இருக்கட்டும்: “5-ஆம் நம்பர் ஃபேன் மோட்டாரை மாற்றினால் வருஷத்துக்குச் சுமார் 40,000 ரூபாய் கரண்ட் மிச்சம். ஒன்றை மாட்டி நம் மீட்டரிலேயே பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.”