பம்மல் சம்பந்த முதலியாரின் நகைச்சுவை நாடகங்கள்

பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) தமிழ் நாடகாசிரியர், நடிகர், வழக்கறிஞர். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். மனோகரா போன்ற உணர்ச்சி நாடகங்களாலும் ஷேக்ஸ்பியர் தழுவல்களாலும் பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் முழுக்கச் சிரிப்பதற்கென்றே எழுதப்பட்ட உரைநடை நாடகத்தைத் தமிழ் மேடையில் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் அவரே. இவ்வகையில் அவர் எழுதியவற்றுள் புகழ்பெற்றது 'சபாபதி'.

பின்புலம்

சம்பந்த முதலியாரின் தந்தை விஜயரங்க முதலியார் தமிழறிஞர். வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் இளமையில் சம்பந்த முதலியாருக்குத் தமிழ் நாடகத்தின் மீது மதிப்பு இருக்கவில்லை. 1891-ல் பல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியது. படித்தவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் வேடமிட்டு நடிப்பதை அவர் அங்கேதான் கண்டார். அதே ஆண்டு ஜூலை மாதம் நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

நடிகர்களைக் 'கூத்தாடிகள்' என்று இழிவாகப் பேசிய காலம் அது. இச்சூழலில் வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் மேடையேறியது எளிய செய்தி அல்ல. பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றனர். வழக்கறிஞரான சி. ரங்கவடிவேலு பல ஆண்டுகள் சம்பந்த முதலியாருக்கு இணையாகக் கதாநாயகி வேடம் பூண்டார். காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தியும் இச்சபையின் நடிகர். 1924 முதல் 1928 வரை சம்பந்த முதலியார் சென்னை ஸ்மால் காஸ் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். நீதிபதி ஒருவர் கோமாளித்தனமான நாடகங்களின் ஆசிரியராகவும் அறியப்பட்டிருந்தது அன்றைய சமூகத்தில் நடிப்புக்கு ஒரு கௌரவத்தைத் தந்தது எனலாம்.

மதுரை மேடையும் பபூனும்

சம்பந்த முதலியார் செய்த மாற்றத்தை அறிய அக்காலத் தொழில்முறை மேடையைப் பார்க்க வேண்டும். அதன் மையம் மதுரை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில்தான் நாடகம் பயின்றனர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து எம்.ஜி.ஆர்., பி.யு. சின்னப்பா போன்றோர் வந்தனர். இந்த மேடையில் பாட்டே பிரதானம்.

மதுரையைச் சுற்றிய ஊர்களில் திருவிழாக் காலத்தில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் சிரிப்பு பபூனின் பொறுப்பு. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் ஒத்திகை இல்லாமல் மேடையில்தான் சந்திப்பார்கள். வள்ளி திருமணமோ பவளக்கொடியோ தொடங்கும் முன்பே பபூன் தோன்றிக் கூட்டத்தைத் தன்வசப்படுத்திவிடுவார். அவருடைய பேச்சுக்கும் நாடகக் கதைக்கும் பெரும்பாலும் தொடர்பு இராது. பபூனைப் பார்க்கவே வருபவர்கள் இன்றும் உண்டு. ஆர்மோனியக்காரரைச் சீண்டுவது, கூட்டத்தின் போக்கைப் பார்த்து அங்கேயே வசனத்தை மாற்றுவது ஆகியவை எளிதில் கைவராத கலை. ஆனால் அது எழுத்தில் நிற்பதில்லை, நடிகரோடு போய்விடும்.

சம்பந்த முதலியார் சிரிப்பை நாடகப் பிரதிக்குள் கொண்டுவந்தார். மனோகராவில் வரும் வசந்தன் அரைப்பித்தன். அவன் வசந்தசேனையின் மகன் என்பதால் கதையிலிருந்து அவனைப் பிரித்தெடுக்க முடியாது.

சபாபதி

முழு நகைச்சுவை நாடகங்களை அவர் 'பிரகசனம்' என்று அழைத்தார். பழைய சொல்தான், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' இவ்வகையைச் சேர்ந்த வடமொழி நாடகம். ஆனால் சம்பந்த முதலியாரின் பிரகசனத்துக்கு நெருங்கிய உறவு ஆங்கில மேடையின் 'பார்ஸ்' என்னும் வடிவத்தோடுதான். அவர் நாடகம் எழுதத் தொடங்கியிருந்த 1892-ல்தான் பிராண்டன் தாமஸின் 'சார்லீஸ் ஆன்ட்' இங்கிலாந்தில் அரங்கேறியது. ஆள்மாறாட்டம், தவறாகப் புரிந்துகொள்ளுதல், ஒரு சிறு பிழை அடுத்த பிழையை இழுத்து வருதல் ஆகியவை இவ்வகை நாடகங்களின் பொதுவான இயக்கம்.

சபாபதியில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். எஜமான் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, புத்திக்கூர்மை குறைவு. வேலைக்காரன் சொன்னதைச் சொன்ன சொல்லின்படியே செய்பவன். ஆகவே தவறு யாருடையது என்று பிரிக்க முடியாது. வழக்கமான நகைச்சுவையில் முட்டாள் வேலைக்காரனைப் பார்த்து எஜமானோடு சேர்ந்து நாமும் சிரிப்போம். இங்கே எஜமானும் அதே தட்டில் இருக்கிறார். பெயர் ஒன்றாக இருப்பது வெறும் குழப்பத்துக்கான உத்தி அல்ல, பணத்தைத் தவிர இருவருக்கும் வேறுபாடு இல்லை என்பதே அதன் கூர்மை. இப்பாத்திரங்களை வைத்து அவர் ஒன்றுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார்.

பரவலும் தாக்கமும்

சம்பந்த முதலியாரின் மாணவராகக் கருதப்படும் எம். கந்தசாமி முதலியார் (நடிகர் எம்.கே. ராதாவின் தந்தை) பாய்ஸ் கம்பெனிகளில் ஆசிரியராக இருந்து உரைநடை நாடகங்களைப் பயிற்றுவித்தார். இவ்வாறு சென்னைப் பட்டதாரிகளின் நாடகங்கள் மதுரை வழிவந்த தொழில்முறைக் குழுக்களுக்குச் சென்றன. இலங்கையில் கலையரசு சொர்ணலிங்கம் சம்பந்த முதலியாரைத் தன் குருவாகக் கொண்டு நாடகப் பணி செய்தார்.

1941-ல் ஏ.வி. மெய்யப்பன் 'சபாபதி'யைத் திரைப்படமாக்கினார். எஜமானாக டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம். ரத்தினம் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நடிகராகவும் பயிற்சியாளராகவும் இருந்தவர். பிரதியைக் கடந்து மேடையை ஆளப் பழகிய ஒருவர், வார்த்தை பிசகாமல் எழுதப்பட்ட நகைச்சுவைக்குள் நடித்தார். படம் இன்றும் பார்க்கப்படுவதற்கு அந்தச் சேர்க்கை முக்கியக் காரணம். ரத்தினமும் சி.டி. ராஜகாந்தமும் தோன்றும் காட்சிகளில் பழைய மேடையின் வாசனை தெளிவாகத் தெரியும், கே. சாரங்கபாணி தமிழாசிரியராக வருகிறார்.

சம்பந்த முதலியார் 1959-ல் பத்மபூஷண் விருதும் சங்கீத நாடக அகாதமி விருதும் பெற்றார். மேடை நகைச்சுவையில் அவருக்குப் பின்வந்தவர்களில் கிரேசி மோகன் குறிப்பிடத்தக்கவர். 2002-ல் அவர் வசனம் எழுதிய கமல்ஹாசன் படத்தின் பெயர் 'பம்மல் கே. சம்பந்தம்'.