சிரிக்கும் காது: ஈழத்தமிழும் இரண்டு நகைச்சுவைப் படங்களும்

நகைச்சுவைப் படங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், 'சிரிச்சோமா, வந்தோமான்னு இல்லாம அதுல என்னய்யா ஆராய்ச்சி?' என்றார். ஆராய வேண்டியதே அந்தச் 'சிரிச்சோமா'வைத்தான். நானூறு பேர் இருட்டில் உட்கார்ந்து ஒரே நொடியில் சிரிக்கிறார்கள் என்றால், அதற்கு முன்பே அவர்களுக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டுவிட்டது: யார் நம்ம ஆள், யார் வேடிக்கைப் பொருள் என்கிற உடன்பாடு. சிரிப்பு எப்போதும் ஒரு குழுவின் சிரிப்பு என்றும், சிரிப்பதற்கு இதயம் ஒரு கணம் மரத்துப்போக வேண்டும் என்றும் 1900இல் வெளியான தன் நூலில் பெர்க்சன் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டையும் தமிழ் சினிமாவில் ஈழத்தமிழ் கேட்ட விதத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

'தெனாலி' 2000இல் வந்தது. கே.எஸ். ரவிகுமார் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். கண்டதற்கெல்லாம் பயப்படும் ஈழத்தமிழனாகக் கமல்ஹாசன். அந்தப் பேச்சை அவர் கேலியாகப் பேசினார் என்று சொல்ல மாட்டேன், சிரத்தையோடுதான் பேசினார். சிக்கல் பேச்சில் இல்லை, அதைச் சுற்றி அடித்த சட்டத்தில் இருக்கிறது. படத்தின் நடுவே அந்தத் தமிழோடு நிற்பவர் தனியாள். சுற்றியிருப்பவர்கள் பேசுவது 'சாதாரண'த் தமிழ், அதாவது நம்முடையது. ஆகவே அவர் வாயைத் திறந்தாலே அரங்கு தயாராகிவிடும். அந்தப் பயங்களுக்கு வேர் போரில் இருக்கிறது என்பதும் படத்திலேயே வருகிறது. அந்த இடத்தில் எல்லாரும் கப்சிப். அடுத்த காட்சியில் அதே பயத்துக்கு மறுபடி கொல்லென்று சிரிப்பு. பெர்க்சன் சொன்ன மரத்துப்போதல் இதுதான். நானும்தான் சிரித்தேன், இன்றைக்குப் போட்டாலும் சில இடங்களில் சிரிப்பேன். அது வேறு விஷயம்.

இடைப்பட்ட காலத்தில் நம் நகைச்சுவையின் அமைப்பு மாறியது. 'கரகாட்டக்காரன்' (1989) காலத்துத் தனி டிராக் ஏறக்குறைய மறைந்து, சிரிப்பு கதைக்குள்ளேயே வந்துவிட்டது. தனி டிராக்கில் அடி வாங்குகிறவனுக்கு ஊர் வேண்டாம், நேற்று என்ற ஒன்று வேண்டாம். ஒரு தலை இருந்தால் போதும். கதைக்குள் வந்துவிட்டால் அவனுக்கு வீடு வேண்டும், பெயர் வேண்டும். மடோன் அஷ்வினின் 'மண்டேலா' (2021) நேராக இந்தப் பெயர் விவகாரத்தையே எடுத்துக்கொண்டது. ஊரே வசைப்பெயரால் கூப்பிடும் முடிதிருத்துபவருக்கு ஒரு பெயரும் வாக்காளர் அட்டையும் கிடைத்தவுடன், சிரிப்பு அவரிடமிருந்து ஊரின் பக்கம் திரும்பிக்கொள்கிறது.

அபிஷன் ஜீவிந்தின் 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) இந்தத் திருப்பத்தை மொழியில் செய்து பார்க்கிறது. பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து கள்ளத்தோணியில் வந்த குடும்பம் சென்னையில் ஒரு குடியிருப்பில் ஒளிந்து வாழ்கிறது. அவர்கள் மறைக்க வேண்டிய முதல் பொருள் தங்கள் பேச்சு. ஆக, படத்தின் நகைச்சுவை எல்லாமே நழுவப்பார்க்கும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் பாட்டிலிருந்து வருகிறது. (யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டுவிட்டு 'மலையாளமா?' என்று கேட்கும் சென்னைவாசிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.) இங்கே வேடிக்கைப் பொருள் பேசுகிறவர் அல்லர், பக்கத்து வீட்டில் ஒலிக்கும் தன் மொழியையே அடையாளம் தெரியாத நம் காதுதான். சசிகுமார், சிம்ரனின் ஈழத்தமிழ் சுத்தமா, கலப்படமா என்ற விவாதத்தை விட்டுவிடுகிறேன். அது தனிப் பஞ்சாயத்து.

முடிவில் தேடிவரும் போலீசுக்கு முன்னால் குடியிருப்பே ஈழத்தமிழ் பேச ஆரம்பிக்கிறது. தப்பும் தவறுமாகத்தான் பேசுகிறார்கள். 'தெனாலி'யில் ஒருவர் சரியாகப் பேச, கூட்டம் சிரித்தது. இங்கே கூட்டம் தப்பாகப் பேச, அதிகாரம் விழிக்கிறது. 'மற்ற'வனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக இருந்த பேச்சை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்குபோட்டுக்கொண்டால் அடையாளம் காண ஆளில்லாமல் போகிறது. சும்மா சொல்லக்கூடாது, இந்தக் காட்சியில் அரங்கு சிரித்த சிரிப்பு வேறு மாதிரி. பெர்க்சனின் குழு அப்படியேதான் இருக்கிறது, உள்ளே யார் என்பது மாறிவிட்டது, இதயமும் மரத்துப்போகவில்லை.

இருந்தும் எனக்கு ஒரு நெருடல். அந்தத் தகப்பன் நல்லவன், வல்லவன், அக்கம்பக்கத்துச் சாவுக்கு முன்னின்று காரியம் பார்ப்பவன். தெருவையே திருத்திவிடுகிறான். அகதி என்றால் இவ்வளவு நல்லவனாக இருந்து தொலைக்க வேண்டுமா? கொஞ்சம் முசுடாக, வாடகை பாக்கி வைப்பவனாக இருந்திருந்தால் குடியிருப்பு அவன் மொழியைப் பேசியிருக்குமா? படம் இந்தக் கேள்வியை எழுப்பிக்கொள்வதில்லை. நம் பிரியத்தைச் சம்பாதித்துக் காட்டும்படி அவனிடம் கேட்கிறோம், அவனும் சம்பாதித்துத் தருகிறான்.

இன்னொன்று, முகாம். 1983க்குப் பிறகு வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளும் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் அவற்றின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 2022 மார்ச்சிலிருந்து, இந்தப் படத்தின் குடும்பத்தைப் போலவே நெருக்கடியால் படகேறி வந்தவர்கள் சென்னைக் குடியிருப்புக்குப் போகவில்லை, மண்டபம் முகாமுக்குத்தான் கொண்டுபோகப்பட்டார்கள். முகாமில் பெயர் கூப்பிட்டுத் தலை எண்ணும் வரிசையை வைத்து யாராவது ஒரு நகைச்சுவைக் காட்சி எழுதிப்பார்க்க வேண்டும். அதில் யாரைப் பார்த்துச் சிரிப்பதென்று எழுதுகிறவர் முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டியிருக்கும்.