மரக்காணத்தில் ஒரு மிதக்கும் வீடு?

விழுப்புரம் மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் மரக்காணம், உப்பளங்களைத் தாண்டினால் குப்பங்கள். பாய் கட்டிய கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் வந்துவிட்ட இந்தக் கரையில், பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கிச் சீர்செய்து அதிலேயே குடியிருக்கலாமா என்று யாராவது கேட்டால் சிரிக்க வேண்டியதில்லை. பழைய படகை நம்பிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றியவர். பின்னாளில் யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறைக்கு வந்து, நம்மவர் கட்டிய 89 அடி 'அன்னபூரணி'யை விலைக்கு வாங்கினார். வேம்பும் இலுப்பையும் கொண்டு கட்டிய சரக்குக் கப்பல் அது. மனைவியின் பெயரைச் சூட்டி, 1937இல் அவ்வூர் மாலுமிகளோடு அனுப்பினார். சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக 1938 ஆகஸ்டில் அது மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மனிதர் கெட்டிக்காரர். கரையில் கிடந்து மக்கிய கூட்டை அவர் வாங்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த கப்பலை, அதன் குணம் தெரிந்த ஆட்களோடு சேர்த்துப் பெற்றார்.

நம் ராணுவப் பொறியாளர்கள் 1985 முதல் 1987 வரை உலகைச் சுற்றிவந்த 'திரிஷ்ணா'வும் இங்கிலாந்தில் வாங்கிய பழைய படகுதான்.

பழைய படகு பார்க்கப் போனால், விற்கிறவர் முதலில் காட்டுவது புதுச்சாயம். அதைப் பார்க்காதீர்கள். மரச்சுத்தியால் பலகை பலகையாகத் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று பேசும், உளுத்தது மொத்தென்று விழுங்கும். ஏராக்கட்டை (படகின் அடிமுதுகு), வங்குகள் (விலாச் சட்டங்கள்), பாய்மரத்தின் அடி, இம்மூன்றிலும் கத்தி முனையைச் செலுத்திப் பார்க்க வேண்டும். மரத்தை மக்க வைப்பதில் கடல்நீரைவிட மழைநீர் பொல்லாதது. உப்பு பூஞ்சணத்தைத் தடுக்கும். மேல்தட்டின் விரிசலில் இறங்கித் தேங்கும் நல்ல தண்ணீர்தான் உள்ளே நாசம் செய்யும். ஆனால் நீருக்கடியில் இருக்கும் பலகையைக் கப்பல் புழு துளைக்கும்; வெளியே ஊசித் துளைதான் தெரியும், உள்ளே கூடாகிவிட்டிருக்கும். இரும்பு ஆணி துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்திருந்தால் ஆணியை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கலப்பத்து வேலையும் இருக்கிறது. பலகை இடுக்கின் பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்து, பஞ்சுத் திரியை உளியால் அடித்து நிரப்பி, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூச வேண்டும். இதற்குக் கை பழகிய ஆள் கிடைத்தால்தான் மரப்படகைப் பற்றியே யோசிக்கலாம். கிடைக்காவிட்டால் ஃபைபர் கூடு போதும். அதிலும் அடியில் கொப்புளம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் புதிதாக மாற்றிவிடுங்கள். சமையல், கழிவறை, சோலார், குடிநீர்த் தொட்டி எல்லாம் பிறகு. நம் ஆட்கள் இங்குதான் தலைகீழாகத் தொடங்குகிறார்கள், மெத்தை வாங்கிவிட்டுத்தான் ஓட்டையைத் தேடுகிறார்கள்.

சரி, சீர்செய்த படகை எங்கே நிறுத்துவது? மரக்காணம் கரையில் அலை நேராக வந்து உடைகிறது. அடியில் கனமான ஏரா உள்ள படகை ஃபைபர் படகு போல மணலில் ஏற்றவும் முடியாது. பக்கத்துக் கழுவெளி பறவைகள் சரணாலயம். 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே வீடு கட்டி மிதக்க நினைப்பது தகாது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது மயிலத்தில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் படகில் படுக்கிறவருக்குத் தூக்கம் வராது.

ஆகவே, திண்டிவனத்துக்காரரே, படகை வாங்குவதற்கு முன் அதற்கு அலைதடுப்புள்ள துறைமுகத்தில் இடம் பேசிவிடுங்கள். சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப், 1911இல் தொடங்கியது, முதலில் விசாரிக்க வேண்டிய இடம். இடம் கிடைக்கவில்லை என்றால் பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள்.