திரை இருண்டால் அட்டைதான் குற்றவாளியா?

பல மாதச் சேமிப்பில் புதிய ‘கிராஃபிக்ஸ் கார்டு’ ஒன்றை வாங்கித் தன் கணினியில் பொருத்துகிறார் ஒரு கல்லூரி மாணவர். பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழல்கின்றன. திரை மட்டும் இருண்டே கிடக்கிறது. காணொளித் தொகுப்பாளர் ஒருவருக்குத் திரை ஒளிர்கிறது. ஆனால், வேலை சூடுபிடிக்கும் நேரத்தில் கணினி தானாக அணைந்து மீண்டும் எழுகிறது. இருவரும் வந்தடையும் முடிவு ஒன்றே: அட்டை பழுது.

வீட்டுக்குப் புதிதாக வந்தவர் மீது முதல் பழி விழுவது போன்றதுதான் இதுவும். புதிய அட்டையிலும் பழுது இருக்கலாம். எனினும், அந்த முடிவு விசாரணையின் தொடக்கமாக அல்ல, இறுதியாகவே இருக்க வேண்டும். வரைகலை அட்டை தனித்து இயங்கும் பொருள் அல்ல. மின்சாரம், கேபிள், மதர்போர்டு, மென்பொருள் ஆகிய அனைத்திடமும் அது பழைய அட்டையைவிட அதிகமாகக் கேட்கிறது. அதுவரை மறைந்திருந்த பலவீனம் அப்போதுதான் வெளிப்படுகிறது.

ஒரு பிழைச் செய்தி தந்த பாடம்: இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை உயர்திறன் பிராசஸர்களைப் பயன்படுத்திய பலருக்கு, விளையாட்டுகளின் நடுவே ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்ற பொருள்படும் பிழைச் செய்தி தோன்றியது. வீடியோ நினைவகம் இருப்பது வரைகலை அட்டையில். எனவே, சந்தேகம் அட்டையின் மீது விழுந்ததில் வியப்பில்லை. 2024 ஏப்ரலில், இத்தகைய சிக்கல் உள்ளவர்கள் இன்டெலை அணுகுமாறு அட்டைத் தயாரிப்பாளரான என்விடியா அறிவுறுத்தியது. பிராசஸர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கோருவதே காரணம் என்று ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டதுடன், உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. பிழைச் செய்தி சுட்டிய இடம் ஒன்று. பழுது இருந்த இடம் வேறு.

எளியவை முதலில்: திரை வராதபோது முதலில் பார்க்க வேண்டியது கணினியின் பின்புறத்தை. மானிட்டர் கேபிள் புதிய அட்டையில் செருகப்பட்டிருக்கிறதா, பழக்கத்தில் மதர்போர்டின் துளையில் செருகப்பட்டிருக்கிறதா? இன்டெலில் ‘எஃப்’ என்று முடியும் பிராசஸர்களில் வரைகலைப் பகுதியே இயங்காது. மதர்போர்டுத் துளையிலிருந்து படம் வர வழியில்லை. அடுத்து, மின்தொடர்பைத் துண்டித்துவிட்டு அட்டையைக் கழற்றி, அதன் பூட்டு ‘டக்’ என்று விழும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்த வேண்டும்.

கேபிளும் ஏமாற்றும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளின் 20ஆவது முனை மின்சாரத்துக்கானது. தர விதிப்படி, மானிட்டருக்குச் செல்லும் கேபிளில் அது இணைக்கப்படக் கூடாது. அந்த விதியை மீறிய மலிவான கேபிள்களால் கணினி தொடங்காமலே போவதுண்டு. எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாற்றிப் பார்ப்பது ஐந்து நிமிடச் சோதனைதான். மதர்போர்டு பழையதென்றால், பழைய அட்டையைக் கழற்றும் முன்பே அதன் ‘பயாஸ்’ மென்பொருளைப் புதுப்பித்துவிடுவது நல்லது. திரை இருண்ட பின்னர் அது எளிதல்ல.

மின்சாரத்தின் கணக்கு: பாரம் ஏறும்போது மட்டும் கணினி அணைந்தால், பார்வை எஸ்.எம்.பி.எஸ். மீது திரும்ப வேண்டும். அட்டை செருகப்படும் துளை 75 வாட் வரை தரும். ஆறு முனை இணைப்பி மேலும் 75 வாட்டும், எட்டு முனை இணைப்பி 150 வாட்டும் தருவதற்கானவை. இந்தக் கணக்கு சரியாக இருந்தும் கணினி அணையலாம். ஏனெனில், நவீன அட்டைகள் நொடியின் மிகச் சிறு பகுதிக்குத் தம் வழக்கமான அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கின்றன. பழைய எஸ்.எம்.பி.எஸ். இதை ஆபத்து என்று கருதித் தன்னை அணைத்துக்கொள்ளும். 2022இல் வெளியான ‘ஏடிஎக்ஸ் 3.0’ தரவிதி, இத்தகைய திடீர் உச்சங்களைத் தாங்கும் திறனை வலியுறுத்தியது இதனால்தான்.

இரண்டு இணைப்பிகள் தேவைப்படும் அட்டைக்கு, ஒரே கேபிளில் கிளைக்கும் இரட்டைத் தலைகளைவிட, இரண்டு தனிக் கேபிள்களே பாதுகாப்பானவை. ஒரு நிறுவனத்தின் எஸ்.எம்.பி.எஸ். கேபிளை இன்னொரு நிறுவனத்தின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகவே கூடாது. முனைகள் பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். அது கணினியையே எரித்துவிடும். நம் வீடுகளில் யுபிஎஸ்ஸும் கணக்கில் வர வேண்டும். பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ்கள் பல, ஏறத்தாழ 360 வாட் மட்டுமே தாங்கும். புதிய அட்டை வந்த பிறகு மின்வெட்டின்போது கணினி உடனே அணைகிறதென்றால், பழி யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

இணைப்பியை முழுமையாகச் செருகுவது சிறிய விஷயமாகத் தோன்றலாம். 2022 அக்டோபரில் வெளியான ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைகள் சிலவற்றில் புதிய வகை மின் இணைப்பி உருகியது. முழுமையாகச் செருகப்படாததே பொதுவான காரணம் என்றது என்விடியா. ஆனால், பயனரை மட்டும் குறைசொல்லி அந்த விவகாரம் முடிந்துவிடவில்லை. சரியாகச் செருகாதபோது அட்டை மின்சாரத்தை இழுக்காதபடி இணைப்பியின் வடிவமே பின்னர் திருத்தப்பட்டது. பலரும் ஒரே தவறைச் செய்தால், வடிவமைப்புக்கும் அதில் பங்கு உண்டு.

கணினியின் நாட்குறிப்பு: திரை நொடிப்பொழுது இருண்டு மீள்வது வேறு, கணினி முழுதாக அணைவது வேறு. வரைகலை அட்டை இரண்டு நொடிகளுக்குள் பதிலளிக்காவிட்டால், விண்டோஸ் அதன் டிரைவர் மென்பொருளை மீட்டெடுக்க முயல்கிறது. அது ‘ஈவென்ட் வியூவர்’ பதிவேட்டில் 4101 என்ற எண்ணில் பதிவாகும். இங்கே பழைய டிரைவரின் எச்சங்களை முற்றிலும் நீக்கிவிட்டுப் புதியதை நிறுவிப் பார்க்கலாம். புதிய டிரைவரில்தான் சிக்கல் என்றால், அதற்கு முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். 41 என்ற எண், கணினி முறைப்படி நிறுத்தப்படாமல் அணைந்தது என்பதை மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆனால், திடீர் அணைவு பாரம் ஏறும்போது மட்டும் நிகழ்ந்தால், மின்சாரத்தையும் வெப்பத்தையும் முதலில் ஆராய வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்: பதற்றத்தில் கேபிள், டிரைவர், நினைவக அமைப்பு என அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால், சிக்கல் தீர்ந்தாலும் காரணம் தெரியாது. ஒன்றை மாற்றி, சோதித்து, குறித்துவைத்துக்கொண்டு அடுத்ததற்குச் செல்வதே முறை.

பலரையும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் சோதனை ஒன்று உண்டு. பழைய அட்டையை மீண்டும் பொருத்தியதும் எல்லாம் சீராக இயங்கினால், புதியது பழுது என்று முடிவுகட்டிவிடுகிறோம். பழைய அட்டை குறைந்த மின்சாரம் கேட்பதால், பலவீனமான எஸ்.எம்.பி.எஸ். அதனிடம் தேர்ச்சி பெற்றுவிடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். புதிய அட்டையைப் போதிய திறனுள்ள வேறொரு கணினியில் பொருத்திப் பார்ப்பதே நியாயமான விசாரணை. அங்கும் அதே கோளாறு வந்தால், தயங்காமல் உத்தரவாதத்தைக் கோரலாம்.

இந்தப் பொறுப்பு வாங்குபவருக்கு மட்டும் உரியதல்ல. அட்டையை விற்கும் முன், ‘உங்கள் எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்? எத்தனை ஆண்டுகள் பழையது?’ என்று கடைக்காரர் கேட்டாலே பல அலைச்சல்கள் மிச்சமாகும். அட்டைக்கு எத்தகைய மின்வசதி வேண்டும் என்பதைத் தயாரிப்பாளர்கள் பெட்டியின் மீதே தெளிவாக அச்சிட வேண்டும். காரணம் அறியாமல் அட்டையைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கும் மாணவரின் மேசையில், அடுத்த வாரமும் திரை இருளக்கூடும். அப்போது செலவானது பணம் மட்டுமல்ல, உத்தரவாதத்தின் நாட்களும்தான்.