மாத்திரை டப்பாவுக்கு ஒரு என்.எஃப்.சி. ஸ்டிக்கர்

"காலை மாத்திரை போட்டேனாடா, இல்லையா?" கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் அம்மா போன் செய்து என்னிடம் கேட்கும் கேள்வி இது. சென்னையில் இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் இந்தச் சந்தேகத்திலேயே ரத்த அழுத்த மாத்திரையை இரண்டாவது முறையும் போட்டுக் கொண்டுவிட்டார். தலை சுற்றிக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தவரைப் பக்கத்து வீட்டு மாமிதான் பார்த்துத் தூக்கிவிட்டார். இதற்கு ஏதாவது வழி செய்ய வேண்டும் என்று தேடியபோதுதான் என்.எஃப்.சி. ஸ்டிக்கர்கள் கண்ணில் பட்டன.

இவை என்ன என்று முதலில் பார்ப்போம். ரூபாய் நாணயம் அளவில் ஒரு ஸ்டிக்கர். உள்ளே மெல்லிய சுருளாக ஓர் ஆன்டெனா, அதன் முனையில் கடுகளவு சிப். பேட்டரி கிடையாது. உங்கள் போன் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் சுருளில் சிறிது மின்சாரத்தை எழுப்ப, சிப் விழித்துக் கொண்டு தன்னிடம் உள்ள தகவலைப் போனுக்குச் சொல்கிறது. அதனால்தான் மூன்று, நான்கு செ.மீ. தூரத்திற்குள் போனைக் கொண்டு போக வேண்டியுள்ளது. நோக்கியா, பிலிப்ஸ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் 2004ல் அமைத்த என்.எஃப்.சி. ஃபோரம் இதற்கான வரையறைகளை உருவாக்கியது. தட்டிப் பணம் செலுத்தும் வங்கி அட்டைகளும் இதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன.

ஒன்றை மறக்க வேண்டாம். ஸ்டிக்கர் தானாக எதையும் செய்யாது. அது ஒரு சீட்டு மட்டுமே; படித்து வேலை செய்வது போன்தான்.

ஆகவே ஸ்டிக்கர் வாங்கும் முன் போனைச் சோதித்திடுங்கள். செட்டிங்ஸ் சென்று, தேடும் கட்டத்தில் என்.எஃப்.சி. என டைப் செய்து பாருங்கள். வரவில்லை என்றால் அந்த போனில் வசதி இல்லை என்று பொருள். எந்த அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்தாலும் வராது. நான் பத்து ஸ்டிக்கர்களை வாங்கிக் கொண்டு ஊருக்குப் போன பிறகே, அம்மாவின் போனில் இது இல்லை எனத் தெரிந்தது. கடைசியில் என் பழைய போனைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடையில் கேட்கும்போது சிப்பின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். என்டேக் 213 வகையில் 144 பைட், 215ல் 504 பைட், 216ல் 888 பைட் இடம் உண்டு. பார்ப்பதற்கு இதே போல் இருக்கும் 125 கிலோஹெர்ட்ஸ் வில்லைகளும் விற்கப்படுகின்றன. அவற்றைப் போனால் படிக்க முடியாது.

இனி வேலைக்கு வருவோம். முதல் பகுதியைக் கம்ப்யூட்டரில் செய்வது எளிது. கூகுள் ஃபார்ம்ஸ் தளத்தில் புதிய படிவம் ஒன்றைத் திறந்து, "எந்த மாத்திரை?" என ஒரே ஒரு கேள்வி அமைத்திடவும். மல்டிபிள் சாய்ஸ் வகையைத் தேர்வு செய்து, காலை, இரவு என இரண்டு விடைகள் தரவும். பப்ளிஷ் பட்டனை அழுத்தி, இணைப்பு உள்ள எவரும் பதில் தரலாம் என வைத்திடவும். ரெஸ்பான்ஸஸ் டேபில், பதில்களை ஷீட்ஸுடன் இணைக்கும் பட்டன் இருக்கும். அதைக் கிளிக் செய்தால், ஒவ்வொரு பதிலும் தேதி, நேரத்துடன் ஒரு ஷீட்டில் தானே பதிவாகும்.

அடுத்து, மூன்று புள்ளி மெனுவில் கெட் பிரீஃபில்டு லிங்க் என்பதைக் கிளிக் செய்து, காலை என்பதைத் தேர்ந்தெடுத்து, கிடைக்கும் இணைப்பை உங்களுக்கே மெயில் அனுப்பிக் கொள்ளுங்கள். இந்த இணைப்பைத் திறந்தால், விடை ஏற்கனவே குறிக்கப்பட்ட படிவம் வரும். அம்மா சப்மிட் மட்டும் அழுத்தினால் போதும்.

போனில் என்.எஃப்.சி. டூல்ஸ் என்ற அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்து, ரைட், ஆட் எ ரெகார்ட், யூ.ஆர்.எல். என வரிசையாகச் சென்று இணைப்பை ஒட்டவும். பின் ரைட் கொடுத்து ஸ்டிக்கரைப் போனின் பின்புறம் வைத்திடவும். ஐபோன் என்றால் மேல் முனையில் வைக்க வேண்டும்.

எனக்கு இங்கேதான் வண்டி நின்றது. இடம் போதவில்லை என்று பிழைச் செய்தி. ஒரு இணைப்புக்கு 144 பைட் போதாதா? காரணத்தைத் தேடியபோது சிரிப்பு வந்தது. இணைய முகவரிக்குள் வரும் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது ஆங்கில எழுத்துகள் அளவு நீண்டுவிடுகிறது. "காலை" என்பதில் க, கால், ல, ஐகாரக் குறி என நான்கு குறியீடுகள். ஆக 36 பைட். படிவத்தின் முகவரியே 120 பைட் அளவுக்கு வருவதால் நிரம்பி வழிந்துவிட்டது. விடைகளைக் காலைக்கு 1, இரவுக்கு 2 என மாற்றி, கேள்வியில் விளக்கம் எழுதிவிட்டேன். புதிய இணைப்பு சிக்கலின்றி ஏறியது. 215 வகை வாங்கியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

அடுத்த இடி எவர்சில்வர் டப்பா. அம்மா மாத்திரைகளை அதில்தான் வைப்பார். மூடியில் ஒட்டினேன், போன் கண்டுகொள்ளவே இல்லை. உலோகம் அந்தக் காந்தப் புலத்தைக் கெடுத்துவிடுகிறது. உலோகத்தின் மேல் ஒட்டுவதற்கென்றே ஃபெரைட் அடுக்கு வைத்த ஸ்டிக்கர்கள் கிடைக்கின்றன, விலை கூடுதல். நான் பிளாஸ்டிக் டப்பா வாங்கி, காலைக்குச் சிவப்பு, இரவுக்கு நீல நிற ஸ்டிக்கர் என மூடியில் ஒட்டிவிட்டேன்.

எழுதியதை அழித்து மீண்டும் எழுதலாம். ஆனால் லாக் டேக் என்ற பகுதிப் பக்கம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். பூட்டிய ஸ்டிக்கரைத் திறக்கவே முடியாது. தவறான இணைப்புடன் பூட்டிய ஒன்று என் மேஜை டிராயரில் இன்னும் கிடக்கிறது. அதே போல், ஸ்டிக்கரில் இருப்பதை யார் வேண்டுமானாலும் போனை வைத்துப் படிக்கலாம். வீட்டின் வை-ஃபை பாஸ்வேர்டை எழுதி வாசலில் ஒட்டி வைப்பது, அதைச் சுவரில் எழுதுவதற்குச் சமம்.

மோட்டார் சுவிட்ச் அருகில் ஒன்றை ஒட்டினால், போனை வைத்தவுடன் 20 நிமிட டைமர் ஓடும்படி செய்யலாம். ஐபோனில் 2019ல் வந்த ஐ.ஓ.எஸ். 13 முதல் ஷார்ட்கட்ஸ் அப்ளிகேஷனில் இந்த வசதி உண்டு, ஐபோன் எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். மற்றும் பின்னர் வந்தவற்றில் இயங்கும். ஆண்ட்ராய்டில் என்.எஃப்.சி. டாஸ்க்ஸ் போன்ற அப்ளிகேஷன் வேண்டும். பழைய கட்டுரைகளில் வை-ஃபையை ஸ்டிக்கரால் ஆன், ஆஃப் செய்யலாம் என்று படித்திருப்பீர்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரண அப்ளிகேஷன்களுக்கு அந்த அனுமதி இல்லை.

இப்போது அம்மா கேட்டால் ஷீட்டைத் திறந்து, "7.40க்குப் போட்டாச்சும்மா" என்கிறேன். ஒரு முறை பதிவு இருந்தது, மாத்திரையோ மேஜையிலேயே இருந்தது. போனை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனவர் மறந்துவிட்டார். அன்றிலிருந்து விழுங்கிய பிறகே போனை வைக்க வேண்டும் என்று வழக்கப்படுத்தியிருக்கிறோம். சந்தேகம் வந்தால் அட்டையில் மாத்திரைகளை எண்ணியும் பார்க்கச் சொல்கிறேன். அம்மாவின் போனில் லாக்கைத் திறந்த பிறகே ஸ்டிக்கரைப் படிக்கும் என்பதால், கைரேகை லாக்கை அமைத்துக் கொடுத்திருக்கிறேன்.