பெங்களூரு சாலைகளில் சைக்கிள்: ஆபத்து எங்கே இருக்கிறது?

பெங்களூருவில் சைக்கிள் ஓட்டுவதன் ஆபத்து ஊர் முழுவதும் ஒரே அளவில் இல்லை. ஜெயநகர், மல்லேஸ்வரம், பசவனகுடி போன்ற பழைய குடியிருப்புகளின் குறுக்குத் தெருக்களில் அது குறைவு. வெளிவட்டச் சாலையிலும், விமான நிலையத்துக்குச் செல்லும் பல்லாரி சாலையிலும், ஓசூர், தும்கூர் சாலைகளிலும் அது வெகுவாகக் கூடிவிடுகிறது. ஓட்டுபவரும் சைக்கிளும் அதேதான். மாறுவது பக்கத்தில் ஓடும் வண்டியின் வேகமும் எடையும். ஆகவே சைக்கிள் ஆபத்தானதா என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எந்த வண்டியால் ஆபத்து வருகிறது என்று கேட்பதே பயன் தரும்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் சைக்கிளில் சென்றவர்கள் 4,836 பேர். நாளொன்றுக்கு 13 பேர் என்று ஆகிறது. மொத்தச் சாவுகளில் இது 2.9 விழுக்காடு. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர்களில் சென்றவர்கள் 44.5 விழுக்காடு, நடந்து சென்றவர்கள் 19.5 விழுக்காடு.

2.9 என்ற சிறிய எண்ணைப் பார்த்து சைக்கிள் பாதுகாப்பானது என்று முடிவுகட்டக் கூடாது. இறந்தவர்களில் சைக்கிளில் சென்றவர்களின் பங்கைத்தான் அது காட்டுகிறது. எத்தனை பேர், எவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்டினார்கள் என்று தெரிந்தால்தான் ஆபத்தை அளக்க முடியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குச் செல்வோரில் சுமார் 13 விழுக்காட்டினர் சைக்கிளில் சென்றதாகப் பதிவாயிற்று. அதன்பிறகு அவர்களில் பலர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். பெங்களூருவில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர மோட்டார் வண்டிகள். சைக்கிளில் செல்வோர் குறைந்தால் சைக்கிள் சாவுகளும் குறையும். அதனால் சாலை பாதுகாப்பாகிவிட்டது என்று பொருளாகாது.

மக்கள் ஆண்டுதோறும் எந்த வண்டியில் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று கணக்கெடுக்கும் நாடுகளில் படம் தெளிவாகத் தெரிகிறது. பிரிட்டனில் ஒரே தூரத்துக்கு ஒப்பிட்டால், காரில் செல்பவரைவிடச் சைக்கிளில் செல்பவர் இறக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். நடந்து செல்பவரின் ஆபத்துக்கு அது ஏறக்குறைய சமம். மோட்டார் சைக்கிளில் செல்பவரின் ஆபத்தோ சைக்கிளைவிடப் பல மடங்கு அதிகம். சைக்கிளுக்குப் பயந்து ஸ்கூட்டர் வாங்கும் பெங்களூரு குடும்பங்கள் இந்த ஒப்பீட்டை மனத்தில் கொள்வது நல்லது.

பதிவாகும் எண்களிலும் விடுபடல்கள் உண்டு. குழியில் விழுந்து கை ஒடிந்தவர் பெரும்பாலும் நேரே மருத்துவமனைக்குப் போகிறார். காவல் நிலையத்துக்குப் போவதில்லை. இறப்பு எண்ணிக்கைகூட முழுமையானதல்ல. 2021-இல் இந்தியா சுமார் 1.54 லட்சம் சாலைச் சாவுகளைப் பதிவு செய்தது. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டுக்குப் போட்ட மதிப்பீடு 2 லட்சத்தைத் தாண்டுகிறது.

வேகமே முதல் காரணம்

2022-இல் நாடு முழுதும் நடந்த சாலைச் சாவுகளில் 71 விழுக்காட்டுக்கு மேல் அதிவேகத்தால் நேர்ந்தவை என்று அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. இதற்கான இயற்பியல் எளியது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மணிக்கு 50 கிலோமீட்டருக்குக் கீழே செல்லும் கார் மோதினால், நடந்து செல்லும் ஒருவர் இறக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு. 80 கிலோமீட்டரில் அது 60 விழுக்காட்டை நெருங்குகிறது. சைக்கிளில் செல்பவரைச் சுற்றியும் இரும்புக் கூடு எதுவும் இல்லாததால் அவர் நிலையும் ஏறக்குறைய இதுவே.

இந்த இடத்தில் பெங்களூருவின் பேர்போன நெரிசல் எதிர்பாராத நன்மை ஒன்றைச் செய்கிறது. டாம்டாம் நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுப் போக்குவரத்துக் குறியீட்டின்படி, நகரின் மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் ஆனது. மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற இந்த வேகம், சைக்கிளின் வேகத்தைவிடச் சற்றுத்தான் அதிகம். பகல் நெரிசலில் உரசல்களும் சிராய்ப்புகளும் நேரும். உயிர் போகும் மோதல்கள் அரிது. இரவிலும் விடியற்காலையிலும் நிலைமை தலைகீழாகிறது. சாலை காலியாகிறது, சிக்னலே இல்லாமல் ஓடுவதற்காக மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் போட்டு அமைத்த வெளிவட்டச் சாலையில் வண்டிகள் பறக்கின்றன, பகலில் நகருக்குள் அனுமதி இல்லாத கனரக லாரிகளும் அப்போது உள்ளே வருகின்றன. பேப்பர் போடுபவரும், பால் பாக்கெட் போடுபவரும், இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் காவலாளியும், உடற்பயிற்சிக்காக நந்தி மலைப் பக்கம் போகிறவரும் சைக்கிளில் சாலைக்கு வருவது சரியாக அந்த நேரத்தில்தான்.

மோதல்கள் நிகழும் விதம்

நகரச் சாலைகளில் சைக்கிள் விபத்துகள் சில குறிப்பிட்ட வழிகளில் திரும்பத் திரும்ப நேர்கின்றன.

முதலாவது, பின்னால் வந்து இடிப்பது. வேகச் சாலைகளில், இருட்டில், விளக்கில்லாத சைக்கிளை ஓட்டுநர் கடைசி நொடியில் காண்கிறார். உயிரிழப்புக்கு வழிவகுப்பவற்றில் இது முக்கியமானது.

இரண்டாவது, இடதுபுறம் திரும்பும் லாரியும் பேருந்தும். சைக்கிளில் செல்பவர் சாலையின் இடது ஓரத்தில் போகிறார். நீளமான வண்டி அவரைத் தாண்டிப்போய் இடதுபக்கம் திரும்பும்போது, அவர் ஓட்டுநரின் கண்ணாடிக்கு எட்டாத இடத்தில் இருக்கிறார். முன்சக்கரம் அவரைத் தாண்டிவிடும். வளைவில் உள்ளொடுங்கி வரும் பின்சக்கரம் அவரைச் சிக்கவைத்துவிடும். வேகம் குறைவாக இருந்தாலும் இதில் தப்புவது கடினம்.

மூன்றாவது, மேம்பாலத்தில் ஏறும் இறங்கும் இடங்கள். ஹெப்பாளிலும் சில்க் போர்டு சந்திப்பிலும், நேராகப் போகவேண்டிய சைக்கிள், இடமிருந்து வேகமாக வந்து கலக்கும் வண்டிகளின் குறுக்கே கடந்தாக வேண்டியிருக்கிறது.

நான்காவது, நின்றிருக்கும் காரின் கதவு திடீரெனத் திறப்பது. தவிர்க்க முயன்று வலப்புறம் வளைபவர் பின்னால் வரும் வண்டியின் முன் போய்விடுகிறார்.

ஐந்தாவது, சாலையின் தரம். குழிகள், மூடியில்லாத வடிகால்கள், மெட்ரோ பணியிடத்து ஜல்லியும் மணலும் மோட்டார் சைக்கிளைவிட மெல்லிய சைக்கிள் டயரை எளிதில் கவிழ்க்கின்றன. மே முதல் அக்டோபர் வரை மழைநீர் குழியை மறைத்துவிடுகிறது. சாலையை நல்ல நிலையில் வைத்திருக்கக் கோருவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், குழிகளால் பாதிக்கப்பட்டவர்கள் மாநகராட்சியிடம் இழப்பீடு கேட்கலாம் என்றும் கர்நாடக உயர்நீதிமன்றம் 2019-இல் கூறியது இந்த ஊரின் சாலைகளைப் பற்றித்தான்.

ஒருவழிச் சாலைகளின் பங்கும் இதில் உண்டு. ஒருவழியாக்கிய சாலையில் வண்டிகள் வேகமெடுக்கின்றன. மிதித்துப் போகிறவருக்கோ ஒரு கிலோமீட்டர் சுற்று என்பது பெரிய செலவு. எதிர்த்திசையில் போகும் ஆசை அங்கேதான் பிறக்கிறது.

உடல்நலக் கணக்கு

சைக்கிளின் ஆபத்தை அதன் நன்மையோடு சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010-இல் செய்த கணக்கில், குறுகிய பயணங்களுக்குக் காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறுபவர் உடலுழைப்பால் 3 முதல் 14 மாத ஆயுளைக் கூடுதலாகப் பெறுகிறார். விபத்தால் இழப்பது சராசரியாக 5 முதல் 9 நாட்கள். பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்கள் ஆய்வுக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. பெங்களூருவின் சாலைகள் நெதர்லாந்துச் சாலைகளைவிட ஆபத்து மிகுந்தவை. ஆகவே இந்த எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் மாதங்களுக்கும் நாட்களுக்கும் உள்ள இடைவெளி பெரிது. நீரிழிவும் இதய நோயும் மலிந்த நகரத்தில் அதைப் புறக்கணிக்க முடியாது.

காற்று மாசு குறித்த அச்சத்துக்கும் இதே விடைதான். காற்றில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருக்கும் ஊரில்கூட, நாளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால்தான் தீமை நன்மையை மிஞ்சுகிறது என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். பெங்களூருவின் ஆண்டுச் சராசரி அதைவிடப் பெரிதும் குறைவு.

ஓட்டுபவர் கையில் இருப்பவை

ஹெல்மெட் உதவுகிறது. காயமடைந்த 64,000-க்கு மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகளைப் பற்றிய 40 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கட்டுரை, அது கடுமையான தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடு குறைப்பதாகக் கண்டது. மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. சைக்கிளுக்கு அது ஓட்டுபவரின் விருப்பம். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, சக்கரத்தில் ரிஃப்ளெக்டர் ஆகியவை இரவு ஆபத்தைக் குறைக்கும் மலிவான வழிகள். நின்றிருக்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓட்டுவதும், சிக்னலில் லாரியின் இடப்பக்கம் போய் நிற்காமல் அதன் பின்னாலேயே காத்திருப்பதும், பிரதான சாலைக்கு இணையான உள்தெருவைத் தேர்வதும் உயிர் காக்கும் பழக்கங்கள்.

ஆனால் இவற்றுக்கு எல்லை உண்டு. லாரிச் சக்கரத்துக்கு எதிராக ஹெல்மெட் நிற்காது. தெருவைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் எல்லோருக்கும் இல்லை. கட்டடத் தொழிலாளிக்கும் காவலாளிக்கும் சைக்கிள்தான் பஸ் காசை மிச்சப்படுத்தும் வண்டி. கர்நாடக அரசு 2006-07-இல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சைக்கிளைக் கையில் கொடுத்த அரசுக்கு, அதை ஓட்டப் பத்திரமான சாலையைக் கொடுக்கும் கடமையும் உண்டு.

சாலையும் சட்டமும்

அந்தக் கடமையை நிறைவேற்ற முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2007-இல் உருவான கர்நாடக நகர்ப்புறத் தரைவழிப் போக்குவரத்து இயக்குநரகம் இவற்றில் பலவற்றுக்கு முன்னின்றது. 2012-ஐ ஒட்டி ஜெயநகரில் சைக்கிள் பாதைகள் அமைந்தன. தடுப்பில்லாத அந்தப் பாதைகளைச் சில மாதங்களில் கார்கள் நிறுத்துமிடமாக்கிக்கொண்டன. 2020-இல் கொரோனா காலத்தில் வெளிவட்டச் சாலையில் சிறு கம்பங்கள் நட்டு சைக்கிள் பாதை பிரிக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் அதற்குள் நுழைந்தன, கம்பங்கள் பெயர்ந்தன, மெட்ரோ பணி மீதியை எடுத்துக்கொண்டது. நடப்போர், சைக்கிளில் செல்வோர் உரிமைகளுக்கான சட்ட வரைவு ஒன்றையும் இயக்குநரகம் பின்னர் தயாரித்தது. ரெசிடென்சி சாலை, விட்டல் மல்லையா சாலை போன்றவற்றைப் புதுப்பித்த ‘டெண்டர்ஷ்யூர்’ திட்டம் வடிகாலையும் கேபிள்களையும் நடைபாதைக்கு அடியில் கொண்டுபோனது. அதனால் சாலையைத் திரும்பத் திரும்பத் தோண்டும் தேவை குறைந்தது. கோடு போட்டால் மட்டும் போதாது, வண்டி ஏற முடியாத தடுப்பும் கண்காணிப்பும் வேண்டும் என்பதே அந்தச் சைக்கிள் பாதைகள் தரும் பாடம்.

நெதர்லாந்தும் தானாக மாறிவிடவில்லை. 1971-இல் அங்கே சாலைகளில் சுமார் 3,300 பேர் இறந்தனர். அவர்களில் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே தனிப்பாதைகளும் குடியிருப்புகளில் வேகக் கட்டுப்பாடும் வந்தன. சைக்கிளில் செல்வோர் பெருகும்போது ஒவ்வொருவருக்குமான ஆபத்து குறைகிறது என்பதும் இன்று தெரிந்த செய்தி. எண்ணிக்கை இரு மடங்கானால் தனி ஒருவரின் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைவதாக 2003-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மக்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற உச்ச வரம்பை 2020-இன் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது.

விபத்து நேர்ந்துவிட்டால் சட்டம் சைக்கிளில் சென்றவரைக் கைவிடவில்லை. மோதிய வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடு அவருக்கும் பொருந்தும். யார் தவறு என்று நிரூபிக்காமலே, இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு இடமளிக்கிறது. மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால், 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவருக்கும் 134-ஏ பிரிவு பாதுகாப்பளிக்கிறது. அவர் தம் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயம்கூட இல்லை.

நகரத்தில் சைக்கிள் ஓட்டுவது இயல்பிலேயே உயிரைப் பணயம் வைக்கும் செயல் அல்ல. வேகமான கனத்த வண்டிகளுக்கு இடையே தடுப்பின்றி ஓட்டவேண்டிய சில சாலைகளும் சில மணி நேரங்களும்தான் அதை அப்படி ஆக்குகின்றன. அந்தச் சாலைகள் எவை என்பது பெங்களூருவுக்குத் தெரியும். வேகத்தைக் குறைப்பதும், தடுப்புள்ள பாதை அமைப்பதும், அதில் வண்டி நிறுத்த விடாமல் காப்பதும் மாநகராட்சிகளும் காவல்துறையும் மாநில அரசும் செய்யக்கூடிய, செய்தே தீரவேண்டிய பணிகள்.