சட்டைப் பையில் அடங்கும் வைரத்துக்கு எப்படி வரி போடுவது?

உங்க மோதிரத்தில் இருக்கும் வைரம் பெரும்பாலும் சூரத்தில் பட்டை தீட்டியதாகத்தான் இருக்கும். அதற்கு முன்னாடி அது எங்கே இருந்தது?

சியரா லியோனை எடுத்துக்கொள்வோம். 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். 1999-ல் அரசுக் கணக்குப்படி ஏற்றுமதியான வைரத்தின் மதிப்பு வெறும் 12 லட்சம் டாலர். பெரும்பகுதி லைபீரியா வழியாகக் கடத்தப்பட்டு, கிளர்ச்சிப் படைக்குத் துப்பாக்கியாகத் திரும்பி வந்தது. போர் முடிந்து, 2003-ல் கிம்பர்லி சான்றிதழ் முறையும் வந்தது. 2004-ல் கணக்கு 12 கோடி டாலரைத் தாண்டியது.

அதில் அரசுக்கு ஏற்றுமதி வரியாகக் கிடைத்தது 3 சதவீதம்தான். ஏன் இவ்வளவு கம்மி? அங்கே அப்போது வைரத்தைப் பெரும்பாலும் ஆற்றுப் படுகையில் மண்வெட்டி, சல்லடை வைத்தே எடுத்தார்கள். வரியைக் கூட்டினால் கல் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும். அந்த 3-லும் கால் பங்கு, வைரம் தோண்டும் ஊர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது.

கிம்பர்லியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கிளர்ச்சியாளர்களுக்குப் பணம் தரும் கல்தான் அதன் கணக்கில் 'மோதல் வைரம்'. அரசுப் படையே தோண்டுபவர்களைச் சுட்டால்? 2008-ல் ஜிம்பாப்வேயின் மராங்கேயில் அதுதான் நடந்தது. 2011-லேயே மராங்கே கற்களுக்கு ஏற்றுமதி அனுமதி கிடைத்துவிட்டது.